கடைசிப் பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உபயோகமா ஏதாவது பேசுங்க, ஹாஸ்டல் கதை வேண்டாம், அதுக்கு வேற ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஆகவே உபயோகமான, ஆனால் கொஞ்சம் வறட்சியான விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்பெனி தன் புரோகிராம்களையெல்லாம் ஒரு களஞ்சியத்திலிருந்து இன்னொரு களஞ்சியத்துக்கு மாற்றுகிறது. போய்ச் சேர்ந்தது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? இவ்வளவுதான் விஷயம். தலைப்பைக் கேட்டதும் முன் வரிசையில் ஒரு நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கவலைப்பட வேண்டாம், சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுகிறேன்.

நான் இங்கே படித்தது மெக்கானிக்கல். கம்ப்யூட்டருக்கு வந்தது தற்செயல். கோயமுத்தூரில் நூற்பாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் எந்த நேரத்தில் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று சொல்வது அந்த போர்டுதான். காப் கட்ட ஆரம்பிக்கும்போது வேகம் குறைவாக இருக்க வேண்டும், நடுவில் கூட்டலாம், முடியும் இடத்தில் மறுபடி குறைக்க வேண்டும். இல்லையென்றால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். சைடர் வேலை பார்க்கும் பெண்கள் ஒரு ஷிஃப்ட் முழுக்க முடிச்சுப் போட்டே ஓய்ந்து போவார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் இந்த வேக அட்டவணை ஒன்று வரப்போகிறது.

வெர்ஷன் கன்ட்ரோல் என்றால் என்ன என்று கெமிஸ்ட்ரி, காமர்ஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாமெல்லாம் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று பெயர் வைத்துச் சேமித்தவர்கள். பத்துப் பேர் பத்து வருஷம் ஒரே புரோகிராமில் வேலை செய்தால் அந்த முறை தாங்காது. எந்த வரியை யார், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக மாற்றினார்கள் என்று ஒரு பேரேடு வேண்டும். பழைய எந்தத் தேதிக்கும் திரும்பிப் போய், அன்றைக்கு இருந்தபடியே எடுக்க முடிய வேண்டும். அந்தப் பேரேடுதான் வெர்ஷன் கன்ட்ரோல். 1972-இல் பெல் லேப்ஸில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ். இதற்கு முன்னோடி. 1980-களின் தொடக்கத்தில் வால்டர் டிஷியின் ஆர்.சி.எஸ். வந்தது. அதன் மேல் கட்டியது சி.வி.எஸ். பிறகு 2000-இல் வேலை தொடங்கி 2004-இல் முதல் முழுப் பதிப்பு வந்த சப்வெர்ஷன். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட். இன்று மாணவர்கள் அறிந்தது பெரும்பாலும் இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

கவனியுங்கள், புரோகிராமின் ஆயுள் இந்தக் களஞ்சியங்களின் ஆயுளைவிட நீளம். பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலநிரல் 2005-இல் சி.வி.எஸ்-ஸிலிருந்து சப்வெர்ஷனுக்குப் போனது, 2011-இல் மெர்க்குரியலுக்கு, 2017-இல் கிட்டுக்கு. பன்னிரண்டு வருஷத்தில் மூன்று வீடு மாற்றம். வீடு மாறும்போது நாம் என்ன செய்கிறோம்? லாரியிலிருந்து இறக்கியதும் சாமான்களை எண்ணுகிறோம். ஆனால் பரண் மேலிருந்து கட்டி வந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அதற்குள் தானே பத்திரம் இருக்கிறது!

எங்கள் கம்பெனி 2006-இல் சி.வி.எஸ்-ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கு மாறியது. மாற்றும் வேலையை வெளியிலிருந்து வந்த ஒரு குழு எடுத்துக்கொண்டது. நல்ல பிள்ளைகள், சுறுசுறுப்பானவர்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து, "முடிஞ்சுதுங்க சார், லேட்டஸ்ட் வெர்ஷனை ரெண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட்டுட்டோம், எல்லாம் அப்படியே இருக்குதுங்க" என்றார்கள். மேனேஜர் கையெழுத்துப் போடத் தயார். சரிபார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்ததால் இரண்டு நாள் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதை முகத்திலேயே பார்த்தேன். இருந்தாலும் கொடுத்தார்.

ஏன் கேட்டேன் என்றால், கடைசிப் பதிப்பு என்பது எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி இருக்கிற விஷயம். அது கெட்டுப்போயிருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே யாராவது கூச்சல் போடுவார்கள். களஞ்சியத்தை வைத்திருப்பதே பழைய பதிப்புகளுக்காகத்தான். அவை வேறு எங்கும் இல்லை, கெட்டிருந்தால் கூச்சல் போடவும் யாரும் இல்லை. எங்கள் போர்டுகள் மில்லில் பதினைந்து இருபது வருஷம் ஓடும். 2001-இல் விற்ற போர்டில் சிப் போய்விட்டால், 2001-இல் எந்தப் பதிப்பு போட்டோமோ அதே பதிப்பைத்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். புதுசு அந்த போர்டில் ஓடாது.

ஆகவே, வெளியிட்ட ஒவ்வொரு பதிப்புக்கும் வைத்திருந்த அடையாளச் சீட்டை, அதாவது டேக் என்கிறோமே அதை, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். பழைய களஞ்சியத்திலிருந்து ஒரு பிரதி, புதியதிலிருந்து ஒரு பிரதி, இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுவது. யோசனை எளிது. ஓட்டிப் பார்த்தால் முதல் டேக்கிலேயே ஆயிரக்கணக்கான வரி வித்தியாசம் கொட்டியது.

பயப்பட வேண்டியதில்லை. சி.வி.எஸ்-ஸில் ஒரு வசதி உண்டு. கோப்பின் தலைப்பில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே 'ஐடி' என்று எழுதி வைத்தால், கோப்பை எடுக்கும்போது அந்த இடத்தில் பதிப்பு எண், தேதி, எழுதியவர் பெயர் எல்லாவற்றையும் அதுவே நிரப்பிக் கொடுக்கும். சப்வெர்ஷனும் நிரப்பும், ஆனால் தன் எண்ணைப் போட்டு நிரப்பும். அதனால் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வரி மாறித்தான் இருக்கும். இது நியாயமான வித்தியாசம். ஆபத்து இதில்தான் இருக்கிறது. நியாயமான வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வந்தால், மனுஷன் முதல் இரண்டு பக்கம் பார்ப்பான், "எல்லாம் அந்த ஐடி வரிதாம்ப்பா" என்பான், மூடி வைப்பான். எனக்குத் தெரிந்து பல இடங்களில் சரிபார்ப்பு இந்த இடத்தில்தான் உயிரை விட்டிருக்கிறது.

நாங்கள் ஒரு சின்ன புரோகிராம் எழுதினோம். மூலநிரல் கோப்புகளில் மட்டும், இரு பக்கமும் அந்த வரியை வெறும் டாலர்-ஐடி-டாலராகச் சுருக்கிவிடும். மற்ற கோப்புகளைத் தொடாது. மூலநிரல் அல்லாததைச் சுத்தம் செய்கிறேன் என்று கை வைத்தால், சரிபார்க்க வந்தவனே சாட்சியைக் கலைத்த மாதிரி ஆகிவிடும். சுருக்கிய பிறகு மறுபடி ஒப்பிட்டால் பூஜ்யம் வர வேண்டும். 'ஏறக்குறைய பூஜ்யம்' என்பது என் கணக்கில் கிடையாது. மிச்சம் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் காரணம் வேண்டும்.

இன்னொன்றும் செய்தோம், மாணவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும் புரோகிராம் எதுவும் சொல்லாமல் முடிந்தால், எல்லாம் சரி என்று அர்த்தமா, அல்லது அது எதையுமே பார்க்கவில்லை என்று அர்த்தமா? இரண்டு காலி ஃபோல்டர்களைக் கொடுத்தாலும் அது 'வித்தியாசம் இல்லை' என்றுதான் சொல்லும். அதனால் எத்தனை கோப்புகளை ஒப்பிட்டது என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை அச்சிடச் செய்தோம். அதோடு, ஒரு பிரதியில் வேண்டுமென்றே ஒரே ஒரு எழுத்தை மாற்றி வைத்துவிட்டு, பிடிக்கிறதா என்று பார்த்தோம். பிடித்தது. அதன் பிறகுதான் அதன் மௌனத்தை நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், 2001-ஆம் வருஷத்துப் பதிப்பு ஒன்றில் ஒரே ஒரு வரி நின்றது: 'பைனரி கோப்புகள் வேறுபடுகின்றன'. முந்தைய குப்பைக்கு நடுவிலும் இந்த வரி இருந்திருக்கிறது. சுருக்காமல் விட்டிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அந்தக் கோப்பு, நான் முதலில் சொன்ன ஸ்பிண்டில் வேக அட்டவணை. சிப்பில் அப்படியே எரிக்க வேண்டிய 32 கிலோபைட் கோப்பு. சரியாக 32,768 பைட். புதிய களஞ்சியத்திலிருந்து வந்தது 32,767. ஒரு பைட் குறைவு.

எங்கே போனது அந்த ஒரு பைட்? சி.வி.எஸ்-ஸில் ஒரு கோப்பைச் சேர்க்கும்போது, இது எழுத்துக் கோப்பு அல்ல, பைனரி என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுத்துக் கோப்பு என்றே எடுத்துக்கொள்ளும். இதைச் சேர்த்தவர் சொல்லவில்லை. ஆனால் எங்களவர்கள் அந்தக் காலத்தில் எல்லோரும் லினக்ஸில் வேலை செய்தவர்கள். அங்கே வரி முடிவை மாற்றும் வேலை இல்லாததால் கோப்பு ஐந்து வருஷம் பத்திரமாக இருந்தது. மாற்றும் கருவியை எப்படி அமைத்திருந்தார்கள் என்றால், பைனரி என்று குறிக்காத எல்லாவற்றையும் எழுத்தாக நினைத்து, விண்டோஸ் பாணி வரி முடிவைக் கண்டால் யூனிக்ஸ் பாணிக்கு மாற்றிவிடு என்று. விண்டோஸில் வரி முடிவு என்பது 13, 10 என்ற இரண்டு பைட்டுகள். யூனிக்ஸில் 10 மட்டும். எங்கள் வேக அட்டவணையின் நடுவில் எங்கேயோ 13-க்குப் பக்கத்தில் 10 தற்செயலாக உட்கார்ந்திருந்தது. கருவி 13-ஐ எடுத்துவிட்டது. அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்ணும் ஒரு இடம் நகர்ந்துவிட்டது. இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்துப் படிக்க வேண்டிய எண்கள், ஒன்றின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியுமாகக் கலந்துவிட்டன. செக்சம் வைத்துத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வழக்கம் அந்த போர்டில் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கும்.

கடைசிப் பதிப்பில் ஏன் இது தெரியவில்லை? 2004-இல் அந்த அட்டவணையை வேறு வடிவத்துக்கு மாற்றி, பழைய கோப்பை நீக்கிவிட்டார்கள். ஆகவே அந்தப் பிள்ளைகள் சொன்னது பொய்யில்லை. லேட்டஸ்ட் வெர்ஷன் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை மேனேஜரிடம் இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழ்திக் காட்டினேன் என்று நினைக்காதீர்கள். அவருக்கு எண்கள் புரியாது. "இதை எரிச்சு ஏதாவது மில்லுக்கு அனுப்பியிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?" என்று அவரே கேட்டார். சொன்னேன். கருவியின் அமைப்பை மாற்றி முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். மறு வருஷம், 2007-இல், ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லிலிருந்து சிப் கேட்டு போன் வந்தது. அதே பதிப்பு, அதே அட்டவணை. 32,768 பைட் எரித்து அனுப்பினோம். ஓடியது. யாரும் பாராட்டுக் கடிதம் எழுதவில்லை. ஓடுகிற மெஷினுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

டேக் இல்லாத நாட்களும் இருக்கின்றனவே, அவற்றை எப்படிப் பார்ப்பது என்று ஒரு தம்பி நேற்று கேட்டார். இங்கே ஒரு சூட்சுமம். சி.வி.எஸ்-ஸில் ஒருவர் பத்துக் கோப்புகளைச் சேர்த்து உள்ளே போட்டால், அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகத்தான் பதியும். சப்வெர்ஷனில் பத்தும் ஒரே மாற்றம். மாற்றும் கருவி என்ன செய்யும் என்றால், எழுதியவர் ஒருவரே, குறிப்பும் ஒன்றே, நேரமும் சில நிமிஷங்களுக்குள் என்றால் எல்லாம் ஒரே மாற்றம் என்று ஊகித்துக் கட்டும். இதனால் இரண்டு விளைவு. பழையதில் எத்தனை மாற்றம், புதியதில் எத்தனை மாற்றம் என்று எண்ணிக்கையை ஒப்பிடுவது வீண் வேலை, ஒத்துப்போகவே போகாது. மேனேஜர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். இரண்டாவது, ஒரு புதன்கிழமை மதியம் 3.10 என்று ஏதோ ஒரு நேரத்தை எடுத்து இருபக்கமும் பார்த்தால், அந்த நேரத்தில் யாராவது பாதி கோப்பு போட்டு முடித்திருப்பார்கள். பொய்யான வித்தியாசம் வரும். ஆகவே நாங்கள் ஞாயிறு நள்ளிரவுகளை எடுத்தோம். வார விடுமுறையில் ஆள் இருக்க மாட்டார்கள். ஒன்பது வருஷத்து ஞாயிறுகளை ராத்திரியெல்லாம் ஓடவிட்டோம்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. சரிபார்ப்பை விண்டோஸ் மெஷினில் செய்யாதீர்கள். பெரிய எழுத்தில் தொடங்கும் 'மேக்ஃபைல்' ஒன்றும் சிறிய எழுத்தில் தொடங்கும் 'மேக்ஃபைல்' ஒன்றும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், விண்டோஸ் வழக்கமாக அவற்றை ஒன்றாகவே பார்க்கும். ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடும்.

கோப்புகள் போகட்டும். குறிப்புகளுக்கு வருவோம். ஒவ்வொரு மாற்றத்தோடும் ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதுவோம் அல்லவா? எங்கள் கம்பெனியில் ஒருவர் இருந்தார். டிப்ளமா படித்தவர், மில்லிலேயே பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இங்கிலீஷில் எழுதச் சொன்னால் 'சேஞ்ச்டு' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் திஸ்கி எழுத்துரு கிடைத்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழை கம்ப்யூட்டரில் எழுதப் பயன்பட்ட குறியீட்டு முறைகளில் அதுவும் ஒன்று. இங்கே மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் தமிழில் எழுத ஆரம்பித்தார் மனுஷன். அற்புதமான குறிப்புகள். ஒரு குறிப்பு, 'காற்றில் ஈரம் குறைந்த ஊரில் இந்த எண்ணைக் கூட்டினால் நூல் நிற்காது, கூட்டாதே' என்று. புரோகிராமில் பார்த்தால் அது வெறும் எண். ஏன் அந்த எண் என்பது அவருடைய குறிப்பில்தான் இருந்தது.

சப்வெர்ஷன் குறிப்புகளை யூ.டி.எஃப்-8 முறையில்தான் வைத்துக்கொள்ளும். தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி போட்டுவிடு என்று கருவியை அமைத்திருந்தார்கள். அவருடைய அறுபது சொச்சம் குறிப்புகளும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்! கோப்புகளை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. எல்லாக் கோப்பும் பைட் மாறாமல் சரியாகத்தான் இருந்தது. பழைய களஞ்சியத்தின் நகல் ஒன்றில் அந்தக் குறிப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, மறுபடி ஓட்டினோம். அவர் அப்போது ரிட்டையர் ஆகிவிட்டிருந்தார். 2011-இல் காலமானார். அந்தக் குறிப்பை இன்றைக்கும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் காட்டுவதுண்டு.

பெரிய இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஜி.சி.சி. கம்பைலரை இங்கே பலரும் லேபில் உபயோகித்திருப்பீர்கள். 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலில் வெளியிட்டது. அதன் களஞ்சியம் 2005-இல் சி.வி.எஸ்-ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கும், 2020 ஜனவரியில் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கும் மாறியது. இரண்டாவது மாற்றத்தின்போது சுமார் 2,80,000 மாற்றங்கள் உள்ளே இருந்தன. அதற்கு எரிக் ரேமண்ட் உருவாக்கிய ரெபோசர்ஜன் என்ற கருவி ஒரு வழி. முற்றிலும் வேறு முறையில் எழுதிய ஸ்கிரிப்டுகள் இன்னொரு வழி. கிளைகளின் நுனிகளையும் டேக்குகளையும் சப்வெர்ஷனில் இருந்ததோடு ஒப்பிட்டார்கள். இரு வழிகளில் வந்ததையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஒப்பிட்டதால்தான் பல குறைகள் மாறுவதற்கு முன்பே வெளிப்பட்டுத் திருத்தப்பட்டன. கடைசியில் ரெபோசர்ஜன் வழியைத் தேர்ந்தார்கள். ஆத்திரப்படாமல் வருஷக்கணக்கில் விவாதித்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆத்திரமும் பட்டார்கள். ஆனாலும் இரண்டு வழியில் செய்து பார்த்தது எனக்குப் பிடித்த விஷயம். கணக்கில் விடை சரியா என்று பார்க்க அதே வழியில் மறுபடி போட்டால் அதே தப்பு மறுபடி வரும் என்று நம் கணக்கு வாத்தியார் சொல்லித் தந்ததுதான்.

இந்தப் பாடம் எங்களுக்கு 2018-இல் கை கொடுத்தது. அந்த வருஷம் எங்கள் கம்பெனியும் கிட்டுக்கு மாறியது. கிட்டில் ஒரு சௌகரியம். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும், ஒவ்வொரு ஃபோல்டரின் உள்ளடக்கத்திலிருந்தும் 40 எழுத்து நீளக் கைரேகை ஒன்றைக் கணக்கிட்டு வைத்திருக்கும். ஒரு பைட் மாறினால் கைரேகை மாறிவிடும். ஆகவே சப்வெர்ஷனிலிருந்து ஒரு டேக்கை எடுத்து, காலியான ஒரு கிட் களஞ்சியத்தில் போட்டு, மொத்தத்துக்கும் வரும் கைரேகையை, மாற்றி வந்த டேக்கின் கைரேகையோடு வைத்துப் பார்த்தால் போதும். ஒரு வரியில் முடிந்துவிடும். இளம் பொறியாளர்கள் அரை நாளில் எல்லா டேக்கையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அத்தனையும் ஒத்துப்போனது.

"ஒரு மூணு பழைய பதிப்பை கம்பைல் பண்ணியும் பார்த்துருங்க தம்பி" என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். பார்க்கட்டும் என்றேன். முதல் பதிப்பே கம்பைல் ஆகவில்லை. ஏனென்றால் அதன் பில்ட் ஸ்கிரிப்ட் 'அவுட்' என்ற காலி ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும் என்று நம்பி எழுதியது. சப்வெர்ஷன் காலி ஃபோல்டரையும் நினைவில் வைத்திருக்கும். கிட் வைத்திருக்காது. அப்படியானால் கைரேகை ஏன் ஒத்துப்போனது? ஒப்பிட எடுத்த பிரதியையும் கிட்டுக்குள் போட்டுத்தானே கைரேகை எடுத்தோம்! கிட்டுக்குக் கண் தெரியாத இடம் இரு பக்கமும் ஒரே மாதிரி தெரியாமல் போய்விட்டது. பெரிய சேதம் இல்லை. காலி ஃபோல்டர்களில் ஒரு சின்னக் கோப்பை வைத்துச் சரிசெய்தோம். மூன்று பதிப்பும் கம்பைல் ஆகி, பழைய வெளியீட்டோடு வைத்துப் பார்த்ததில், கம்பைல் செய்த தேதி பதியும் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தது.

பழைய சி.வி.எஸ். களஞ்சியத்தை நாங்கள் இன்றும் அழிக்கவில்லை. எழுத முடியாதபடி பூட்டி, இரண்டு டிஸ்கில், இரண்டு கட்டடத்தில் வைத்திருக்கிறோம். அதன் கோப்புகள் பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான், சி.வி.எஸ்-ஸே இல்லாமல் போனாலும் திறந்து படித்துவிடலாம். இடம் அடைக்கிறது என்று வருஷா வருஷம் ஒரு மெயில் வரும். இன்றைய பென் டிரைவில் ஒரு மூலைக்கு வராது. பதில் எழுதி வைத்திருக்கிறேன், தேதி மட்டும் மாற்றி அனுப்புவேன்.

கடைசியாக, ஆட்கள். சப்வெர்ஷனில் ஒரு மாற்றத்தைச் செய்தவர் பெயராக லாகின் பெயர் மட்டும் இருக்கும். இரண்டு மூன்று எழுத்து. கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். எந்த லாகின் யார் என்று ஒரு பட்டியல் தயார் செய்து கொடுக்க வேண்டும். பட்டியல் செய்தவர்கள் பர்சனல் டிபார்ட்மென்டிலிருந்து இன்றைய ஊழியர் பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். அதில் இல்லாத 41 லாகின்களையும் 'முன்னாள் ஊழியர்' என்று ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். தமிழில் குறிப்பு எழுதியவரும் அதில் அடக்கம். 1997-லிருந்து 2005 வரை நடந்த வேலையில் பெரும்பகுதி 'முன்னாள் ஊழியர்' என்ற ஒரே ஆசாமி செய்ததாகிவிட்டது!

இது கம்பைலைக் கெடுக்காது. எந்த மில்லும் நிற்காது. "இதுக்குப் போய் ஒரு வாரம் எதுக்குங்க சார்?" என்று கேட்டார்கள். ஒரு எண் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாதபோது, எழுதியவர் யார் என்று தெரிந்தால் போன் போட்டுக் கேட்கலாம் என்று சொன்னேன். அது ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. நாற்பது பேர் வேலை செய்த இடத்தில் பெயரே இல்லாமல் போவது எனக்கு ஒப்பவில்லை.

பழைய சம்பளப் பதிவேடு, போன் டைரி, 1999-இல் ஆயுத பூஜை அன்று எடுத்த குரூப் போட்டோவின் பின்பக்கம் என்று தேடினோம். அந்த 41-இல் மூன்று பேர் நம் கல்லூரிக்காரர்கள். அவர்களில் இரண்டு பேர் இந்த அரங்கில் இருக்கிறார்கள், கை தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்தவில்லை. ஒரு வாரத்தில் 40 பெயர் கிடைத்தது.

ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது. லாகின் 'கே.வி.' என்ற இரண்டு எழுத்து. 1998 மார்ச்சிலிருந்து ஜூன் வரை மொத்தம் பதினேழு மாற்றங்கள், எல்லாம் டாஃபிங் பகுதியில், சுத்தமான வேலை. அநேகமாக பிராஜெக்டுக்கு வந்த மாணவராக இருக்கலாம் என்று நினைக்கிறோம். அந்தப் பெயரை ஊகித்து நிரப்பாமல் 'கே.வி.' என்றே விட்டிருக்கிறோம். அந்த நான்கு மாதம் கோயமுத்தூரில் அப்படி ஒரு கம்பெனியில் பிராஜெக்ட் செய்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், டீ இடைவேளையில் என்னிடம் வந்து சொல்லுங்கள். மேடைக்கு இடது பக்கம் நிற்பேன்.